மணவிளையாட்டும் ஒரு நாவலும்

அக்கரைப்பற்றுக்குத் தெற்கே, திருக்கோவில் கடற்கரையை விட்டு உள்நாட்டை நோக்கிச் செல்லும் வழியில் சாகாமம் என்னும் குளம் இருக்கின்றது. குளத்தைச் சூழ வயல்கள். வயல்களுக்கு அப்பால் காடு. கடலோரமாக வடக்கே செல்பவர் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதைக் காண்பார். ஓர் ஊரில் கோவில் மணி கேட்கும். அடுத்த ஊரில் பள்ளிவாசலின் பாங்கோசை கேட்கும். மதத்தால் இருவேறு மக்களெனினும், இவ்விரு சாராரையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்த வழக்கமொன்று இப்பகுதியில் நெடுங்காலமாக நிலவி வந்திருக்கின்றது. அதுவே தாய்வழிக் குடிமுறை. பிள்ளை தாயின் குடியைச் சேரும். கோவிலில் அக்குடிக்காக வண்ணக்கர் நிற்பார். பள்ளிவாசலில் மரைக்காயர் நிற்பார். வீடு மகளுக்கே சீதனமாகும். மாப்பிள்ளை மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வான். தங்கைமாருக்கு வீடு கட்டி முடிக்கும் வரை தமையன்மார் தம் திருமணத்தைத் தள்ளிப்போடுவதும் இங்கே புதுமையன்று.

இத்தகைய சமூகத்தில் திருமணம் என்பது இருவரின் விருப்பத்தோடு முடிந்துவிடும் காரியமன்று. வீடு, வயல், குடி, உறவு, ஊரின் மதிப்பு ஆகிய அனைத்தும் மணவறையில் வந்து கூடுகின்றன. ஆகவே, மணவறையில் தனக்கு விதிக்கப்பட்ட இடத்தில் மனமொப்பி அமர முடியாத ஒருவனோ ஒருத்தியோ எங்கே போவது என்ற கேள்விக்கு இச்சமூகம் இடம் வைக்கவில்லை. இதில் கீழைக்கரை தனித்து நிற்கவில்லை. யாழ்ப்பாணமும் கொழும்பும் தஞ்சையும் மதுரையும் இதே நிலையில்தான் இருந்தன. இக்கேள்வியை, தன் வாழ்வில் பட்டறிந்த ஒருவரே கதையாக எழுதி உலகின் முன் வைத்தது 1994ஆம் ஆண்டில். எழுதியவர் ஓர் ஈழத்துத் தமிழரின் மகன். எழுதிய மொழி ஆங்கிலம். நூலின் பெயர் ‘ஃபன்னி பாய்’. ஆசிரியர் சியாம் செல்வதுரை.

இந்நூலின் வரலாற்றை அறிவதற்கு முன் சட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். ஆணும் ஆணும் கொள்ளும் காதலைக் குற்றமாக்கிய விதி இந்த மண்ணில் முளைத்ததன்று. இந்தியாவுக்கென ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை முன்மாதிரியாகக் கொண்டு, இலங்கைக்கு 1883இல் தண்டனைச் சட்டக்கோவை வகுக்கப்பட்டது. அதன் 365ஆம், 365அ பிரிவுகள் இயற்கைக்கு மாறான சேர்க்கை என்றும், படுமோசமான அநாகரிகச் செயல் என்றும் சில சொற்களை வைத்து, அச்சொற்களின் பொருளை விளக்காமலே விட்டன. விளக்கம் இல்லாத சட்டத்துக்கு அஞ்சுபவர்கள் அதிகம். ஏனெனில் அதன் எல்லை எங்கே முடிகின்றது என்பது எவருக்கும் தெரியாது. சட்டத்தை அனுப்பிய இங்கிலாந்து, 1967இல் தன் நாட்டில் அதனைத் தளர்த்திக்கொண்டது. பெற்றுக்கொண்ட நாடுகளோ அதனைத் தம் முன்னோர் தேட்டம் போலக் காத்து நின்றன. செல்வதுரையின் நாவல் வெளிவந்த மறு ஆண்டிலேயே, அதாவது 1995இல், இலங்கைப் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. திருத்தத்தின் விளைவாக ஆண்களை மட்டும் குறித்த விதி பெண்களையும் உள்ளடக்கலாயிற்று. சட்டம் சுருங்குவதற்குப் பதிலாக விரிந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் நாள், வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. இலங்கையில் 2023இல் தனிநபர் மசோதா ஒன்று கொணரப்பட்டபோது, அது அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர்நீதிமன்றம் முடிவு கூறியது.

சட்டம் இருந்த இடங்களிலெல்லாம் எழுத்தும் ஒளிந்தே வாழ்ந்தது. ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ என்ற நாவலை 1914இல் எழுதி முடித்துவிட்டார். இரு ஆண்கள் காதலித்து, அழியாமல் சேர்ந்து வாழ்வதாக அதன் முடிவு அமைந்தது. தண்டனை பெற்று அழிவதாக முடித்திருந்தால் ஒருவேளை அச்சேறியிருக்கும். மகிழ்ச்சியாக முடித்ததுதான் பெருங்குற்றம். ஐம்பத்தாறு ஆண்டுகள் அக்கையெழுத்துப் பிரதி நண்பர்களின் கைகளில் மட்டும் உலவி, அவர் 1970இல் இறந்த பின்னர் 1971இல் வெளிவந்தது. ராட்கிளிஃப் ஹால் என்னும் அம்மையார், பெண்ணைக் காதலிக்கும் பெண்ணைப் பற்றி 1928இல் எழுதிய நாவல் இலண்டனில் நீதிமன்றத் தடைக்கு உள்ளாயிற்று. உருது இலக்கியத்தில் இஸ்மத் சுக்தாய் 1942இல் வெளியிட்ட ‘லிஹாப்’ என்ற சிறுகதைக்காக லாகூர் நீதிமன்றம் வரை சென்று, விடுதலையாகி வந்தார். அவர் சொன்னது ஒரு நவாபின் வீட்டில், கணவனால் புறக்கணிக்கப்பட்ட மனைவியின் கதை. அதைப் பார்ப்பவள் ஒரு சிறுமி.

தமிழோ இவ்விடயத்தில் விந்தையான மொழி. தொல்காப்பியர் ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்கு இலக்கணத்தில் இடம் கண்டார். சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினொரு ஆடல்களுள் பேடி ஆடலும் ஒன்று. ஆனால் இக்காலப் புனைகதையில் இம்மாந்தர் வெகுநாள் வரவில்லை. வந்தபோதும் பிறர் கண்ணின் வழியாகவே வந்தனர். கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ என்ற சிறுகதை, பெண்ணுள்ளம் படைத்த ஒரு சமையற்காரரை இரக்கத்தோடு காட்டிற்று. சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ 1990களில் திருநங்கையரின் வாழ்வை நாவலாக்கிற்று. இரண்டும் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டவை, பயனும் விளைத்தவை. எனினும், ஒரு வீட்டைத் தெருவில் நின்று பார்த்து எழுதுவது வேறு. அவ்வீட்டின் உள்ளே இருந்து எழுதுவது வேறு.

செல்வதுரை வீட்டின் உள்ளே இருந்து எழுதினார். 1965இல் கொழும்பில் பிறந்தவர் அவர். தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1983 இனக்கலவரத்தை அடுத்து, தம் பத்தொன்பதாவது வயதில் குடும்பத்தோடு கனடா சென்று குடியேறினார். அங்கே டொரொன்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பயின்று, இருபத்தொன்பதாவது வயதில் முதல் நாவலை வெளியிட்டார். கனடாவில் முதல் நாவலுக்கான பரிசும், அமெரிக்காவில் லாம்டா இலக்கிய விருதும் அதற்குக் கிடைத்தன.

ஆறு கதைகள் கோத்த மாலை போன்றது இந்நாவல். கதை சொல்பவன் அர்ஜி என்னும் சிறுவன். கொழும்புத் தமிழ்ச் செல்வக் குடும்பத்தின் பிள்ளை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரப்பிள்ளைகள் அனைவரும் அம்மாச்சி, அப்பாச்சி வீட்டில் பகல் முழுவதும் விடப்படுவார்கள். முன்முற்றமும் வயல்வெளியும் ஆண் பிள்ளைகளின் நாடு, அங்கே கிரிக்கெட். பின்வளவும் சமையலறைப் பக்கமும் பெண் பிள்ளைகளின் நாடு. அங்கே கல்யாண விளையாட்டு. அர்ஜி பின்வளவைத் தேர்ந்துகொள்கிறான். அங்கே அவனே மணப்பெண். சேலை சுற்றி, முகத்திரை தரித்து, பூச்சூடி அவன் நிற்கும்போது பிற பெண் பிள்ளைகள் அவனை ஒப்புக்கொள்கிறார்கள். அவனளவு கற்பனை வளம் அவர்களில் எவருக்கும் இல்லை. மணமகன் வேடம் அவ்விளையாட்டில் மிகத் தாழ்ந்த வேடம் என்று ஆசிரியர் போகிற போக்கில் சொல்வது, நம் திருமண வீடுகளை நன்கு கண்ட ஒருவரின் நகைச்சுவை.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய மற்றொரு சிறுமி மணப்பெண் வேடம் தனக்கே வேண்டுமென்று சண்டையிடுகிறாள். செய்தி பெரியவர்களுக்கு எட்டுகிறது. சேலையோடு நிற்கும் சிறுவனை அவளுடைய தாய் கையைப் பிடித்து இழுத்து வந்து, பெரியவர்கள் கூடியிருக்கும் வரவேற்பறையில் நிறுத்துகிறாள். ஒரு சித்தப்பா அவன் தந்தையைப் பார்த்து, பையன் வேடிக்கையான ஆள்தான் போலிருக்கிறதே என்ற பொருளில் ஒரு சொல்லை எறிகிறார். அந்தச் சொல்லே நூலின் பெயர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குச் சிரிப்பூட்டுவது என்றும் விசித்திரமானது என்றும் இரு பொருள் உண்டு. சிறுவன் இரண்டையும் வைத்துப் பார்க்கிறான்; பெரியவர்களின் குரலில் இருந்த அருவருப்புக்கு எதுவும் பொருந்தவில்லை. மூன்றாவது பொருளொன்று இருப்பதை அவன் அறிகிறான், ஆனால் அதற்கு அவனிடம் சொல் இல்லை.

அதற்கு முன், தாய் விருந்துக்குப் புறப்படும் வேளைகளில், அவள் சேலை உடுத்தி நகை பூணுவதை அருகே இருந்து பார்ப்பது அர்ஜிக்குப் பெருமகிழ்ச்சி. அன்று முதல் தாய் அறைக் கதவை மூடிக்கொள்கிறாள். ஏன் என்று கேட்கும் மகனுக்கு, வானம் உயரமானது, பன்றிகளால் பறக்க முடியாது, ஆகையால்தான் என்ற விதமாகப் பதில் சொல்கிறாள். காரணம் சொல்ல முடியாத இடத்தில் தாய்மார் கூறும் பதில் இது. அவள் கொடியவள் அல்லள். மகனிடம் அன்பு மிக்கவள். கணவருக்கும் ஊருக்கும் அஞ்சியே கதவை மூடுகிறாள் என்பதைச் சிறுவனின் வாய்மொழியாலேயே வாசகருக்கு உணர்த்திவிடுகிறார் ஆசிரியர். சாகாமக் குளக்கட்டில் இருந்து இப்பக்கங்களைப் படிப்பவருக்கும், கொழும்பு வாழ்வின் மோட்டார் வண்டியும் விருந்தும் அந்நியமாகத் தோன்றலாமே தவிர, அந்த மூடிய கதவு அந்நியமாகத் தோன்றாது.

இதே நூலில் வேறு கதவுகளும் மூடப்படுகின்றன; அவற்றை மூடுவது இனம். ராதா என்னும் அத்தை அனில் என்ற சிங்கள இளைஞனை விரும்புகிறாள். 1950களின் கலவரத்தில் தன் தந்தையைப் பறிகொடுத்த அம்மாச்சி அதற்கு உடன்படாள். யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் வழியில் ராதா இரயிலில் தாக்கப்படுகிறாள். காயம் ஆறினாலும் காதல் மீளவில்லை. இங்கே கீழைக்கரை வாசகர் ஒன்றை நினைவு கூர்வார். தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956இல், தமிழருக்கெதிரான முதற் பெருங்கலவரத்தின் கொலைகள் நிகழ்ந்தது கல்லோயாக் குடியேற்றத்தில். பின்னர் 1961இல் அம்பாறை மாவட்டமாக வகுக்கப்பட்ட நிலப்பரப்பிலேதான்.

அர்ஜி ஆணாக வேண்டும் என்பதற்காகத் தந்தை அவனை விக்டோரியா அக்கடமி என்னும் கற்பனைப் பாடசாலையில் சேர்க்கிறார். நூலின் மிகச் சிறந்த பகுதி அதுவே. மாணவர்களை முழங்காலில் நிறுத்தி, பிரம்பால் அடித்து, வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற ஒழுக்கத்தைப் பிடிவாதமாகக் காக்கும் ஓர் அதிபர் அங்கே ஆள்கிறார். துணை அதிபர் பாடசாலையைச் சிங்கள பௌத்தப் பாடசாலையாக்க முயல்கிறார். அதிபர் நின்றால் தமிழ் மாணவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு. அவர் வீழ்ந்தால் அதுவும் இல்லை. தமிழாசிரியர் ஒருவர் இதனை அர்ஜிக்கு எடுத்துக் கூறுகிறார். பரிசளிப்பு விழாவில் அர்ஜி, ஹென்றி நியூபோல்ட் என்ற ஆங்கிலக் கவிஞரின் இரு பாடல்களை ஒப்புவிக்க வேண்டும்; அப்பாடல்களை வைத்தே அதிபர் அமைச்சர் முன் தம் பதவியைக் காக்கும் உரையை அமைத்திருக்கிறார். ஆனால் அதே அதிபரின் கையில் நாள்தோறும் சிதைபவன் ஷெஹான் என்ற சிங்கள மாணவன். அர்ஜிக்கு அவனிடம் காதல்.

இனத்தின் நலம் ஒரு பக்கம். காதலனின் துயரம் மறுபக்கம். அர்ஜி மேடையேறி, வரிகளை மாற்றி, சொற்களைக் குழப்பி, அப்பாடல்களை வேண்டுமென்றே சிதைத்துவிடுகிறான். அதிபரின் உரை பொருளற்றுப் போகிறது. இதனை விமர்சகர் சிலர் தனிமனித விடுதலையின் வெற்றியாகக் கொண்டனர். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அர்ஜி செய்தது தன் இனத்தவருக்குத் தீங்காகவும் முடியலாம். அதை அவனும் அறிவான். அறிந்தே செய்கிறான். தமிழனாக இருப்பதும் ஆணைக் காதலிக்கும் ஆணாக இருப்பதும் ஒரே உடலில் இரண்டு வழக்குகளாக நின்று வாதாடும் அந்த மேடைக் காட்சியை, வெளியே நின்று இரங்கும் எழுத்தாளர் ஒருவர் எழுதியிருப்பாரா என்பது ஐயமே. அவர் அர்ஜியைத் துன்புறுபவனாக மட்டும் காட்டியிருப்பார். தீங்கு செய்யவும் வல்லவனாகக் காட்டத் துணிந்திருக்கமாட்டார்.

இறுதிக் கதை, 1983 யூலைக் கலவரத்தின் நாட்குறிப்பு. யூலை 23ஆம் நாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டதை அடுத்து மூண்ட தீ கொழும்பை எரித்தது. வெலிக்கடைச் சிறையில் யூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். நாவலில் அர்ஜியின் குடும்பம் அயல்வீட்டில் ஒளிந்து உயிர் தப்புகிறது. வீடு எரிகிறது. அம்மாச்சியும் அப்பாச்சியும் தம் மோட்டார் வண்டியோடு எரிக்கப்படுகிறார்கள். நாட்டை விட்டுப் புறப்படுமுன் அர்ஜி ஷெஹானிடம் விடைபெறுகிறான். பிறகு எரிந்த வீட்டைப் பார்க்கப் போகிறான். எஞ்சியவற்றையும் திருடர் கொண்டுபோயிருக்கிறார்கள். மழையில் நின்று அழுகிறான்.

இது ஆசிரியரின் தன்வரலாறுதானா என்று கேட்டவர் பலர். அர்ஜியின் தாய் தந்தையர் இருவரும் தமிழர். செல்வதுரையின் தாயோ சிங்களவர். இந்த ஒரு மாற்றமே நாவல் வேறு, வாழ்வு வேறு என்பதைக் காட்டப் போதுமானது. கலப்பு மணத்தில் பிறந்த மகனை அவர் கதைத் தலைவனாக்கியது, 2013இல் வெளிவந்த ‘த ஹங்ரி கோஸ்ட்ஸ்’ நாவலில்தான். ஆகவே பட்டறிவிலிருந்து எழுதுவது என்றால் நடந்ததை நடந்தபடி எழுதுவது என்று கொள்ளலாகாது. எந்தச் சொல் எங்கே குத்தும், எந்தக் கதவு எப்போது மூடும் என்ற அறிவே அதில் பட்டறிவு.

இரண்டாவது நாவலான ‘சினமன் கார்டன்ஸ்’ 1998இல் வெளிவந்தது. அதில் காலம் 1927. டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த ஆண்டு. முதலியார் குடும்பத்து மகன் பாலேந்திரன் இங்கிலாந்தில் கல்வி பயின்றபோது ஓர் ஆங்கிலேயரைக் காதலித்தவன். தந்தை அறிந்து பிரித்துவைத்து மணமுடித்துவிட்டார். நல்ல கணவனாக, நல்ல தந்தையாக, நல்ல மகனாக அவன் இருபது ஆண்டுகள் வாழ்ந்த பின் பழைய காதலர் கொழும்புக்கு வருகிறார். இந்நாவலின் அத்தியாயங்களுக்குத் தலைப்பாகத் திருக்குறளை எடுத்தாண்டிருக்கிறார் ஆசிரியர். குறளை நீதிமன்றத் தீர்ப்பு போல ஓதும் பெரியவர்களின் நடுவே, அதே குறளைத் தன் துயரத்துக்கு விளக்கம் தேடும் ஒருவனின் கையில் அவர் கொடுத்தது நுட்பமான செயல். 2005இல் வெளிவந்த ‘ஸ்விம்மிங் இன் த மான்சூன் ஸீ’ இளைஞர்க்கான நாவல்; 1980ஆம் ஆண்டுக் கொழும்பில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கனடாவிலிருந்து வந்த மைத்துனன் மீது கொள்ளும் மோகமும் பொறாமையும் அதன் பொருள்.

தமிழிலேயே, தம் வாழ்வைத் தாமே எழுதியவர்களுள் முன்னே நடந்தவர் திருநங்கையர். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இல் வெளிவந்தது. ஆ. ரேவதி, தம்மையொத்த பிறரின் வாய்மொழிகளை முதலில் தொகுத்தார். அதன் பின்னரே தம் கதையை எழுதினார். அது 2010இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக முதலில் அச்சேறி, பின்னர் ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் தமிழில் வந்தது. தமிழில் எழுதப்பட்ட நூல் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்குத் திரும்பி வந்ததில் ஒரு செய்தி இருக்கின்றது. இவை புனைகதைகள் அல்ல, வாழ்க்கை வரலாறுகள். புனைகதையின் திரை கூட வேண்டாமென்று எழுதத் துணிந்த இவர்கள், மறைப்பதற்குத் திரை எதுவும் வாய்க்காத வாழ்வை வாழ்ந்தவர்கள். கொழும்புச் செல்வக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கனடா இருந்தது. வீட்டை விட்டு ஓடிய நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைக்குத் தெருவே இருந்தது. இந்த வேற்றுமையை மறந்து இவ்விரு வகை நூல்களையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது.

மொழிப் பிரச்சினையை நாவலே தன்னுள் சுமந்து நிற்கின்றது. அர்ஜியின் தந்தை, நாட்டின் எதிர்காலம் சிங்களத்தில் என்று கருதி மகனைச் சிங்கள வகுப்பில் படிக்க வைத்தவர். தமிழ் வகுப்பில் சேராத தமிழன் என்பதால் சிங்கள மாணவர் அவனை விரட்டப் பார்க்கிறார்கள். மணவிளையாட்டில் எந்தப் பக்கமும் இடமின்றி நின்ற சிறுவனுக்கு வகுப்பறையிலும் அதே கதி. ஆங்கிலம் ஒன்றே அவனுக்கு மிஞ்சிய முற்றம்.

2020இல் தீபா மேத்தா இந்நாவலைத் திரைப்படமாக்கினார். திரைக்கதையில் செல்வதுரையும் பங்கு கொண்டார். படம் வெளிவருமுன்பே புலம்பெயர்ந்த தமிழரிடையே கண்டனம் எழுந்தது. முக்கிய பாத்திரங்களில் தமிழர் அல்லாதவர் நடித்திருக்கிறார்கள், அவர்கள் பேசும் தமிழ் தமிழாக இல்லை என்பது அவர்களின் முறையீடு. எண்பத்து மூன்றில் உச்சரிப்பை வைத்தே தமிழரை இனங்கண்டு கொன்ற கதையைச் சொல்லும் படத்தில் உச்சரிப்புப் பிழை சிறு பிழையன்று. கனடா அப்படத்தை அவ்வாண்டு ஆஸ்கார் பரிசின் அயல்மொழிப் பிரிவுக்கு அனுப்பிவைத்தது. பரிசுக் குழுவினர் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். படத்தில் ஆங்கிலம் மிகுதியாக இருக்கின்றது என்பது அவர்கள் கூறிய காரணம்.